தம்பி கொடுத்த தேனும் டாக்டரிடம் மறைத்த டப்பாவும்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 48 வயதுப் பெண் ஒருவர் நோட்டுத்தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டையொட்டி முக்கால் ஏக்கர் தேயிலை. கொழுந்து போடும் பையின் வார் அழுத்திய இடத்தில் வலிக்கிறதே என்று தடவிப் பார்த்தபோது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. கோவையில் ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இரண்டு நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. ரிப்போர்ட்டில் 'ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ்' என்று இருக்கிறது (அதாவது ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் போய் ஒட்டும் 'வாங்கிகள்' கட்டியில் உண்டு, ஹெர்-2 என்ற புரதம் மிகையாக இல்லை). 21 நாளுக்கு ஒருமுறை நான்கு கீமோ (அந்தச் சிவப்பு மருந்து), பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முடிந்துவிட்டது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

முதல் கீமோவுக்குப் பின் வாயெல்லாம் புண். இரண்டாவதுக்குப் பின் 11ஆம் நாள் ரத்தம் பார்த்தால் வெள்ளணு எண்ணிக்கை ('கவுண்ட்') 1,400. மூன்று நாள் வயிற்றில் ஊசி போட்டார்கள். அதே வாரம், தேனீப் பெட்டி வைத்திருக்கும் அவருடைய தம்பி ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்திருக்கிறார்: ராயல் ஜெல்லி கேப்சூல், புரோபோலிஸ் சொட்டு, மகரந்தத் துகள், காட்டுப் பக்கத்தில் தெரிந்தவர்களிடம் வாங்கிய ஒரு பாட்டில் மலைத்தேன். கேப்சூல் முதலான மூன்றும் ஒரு ஏஜெண்டிடம் வாங்கியவை, மாதம் 6,800 ரூபாய். "கவுண்ட் ஏறும், பக்கவிளைவு வராது, எல்லாம் நீலகிரிக் காட்டுப் பொருள், டாக்டரிடம் சொல்லாதீர்கள், அவர்களுக்கு இது புரியாது" என்றாராம் ஏஜெண்ட். எட்டு நாள் சாப்பிட்டு, மறுபடி ரத்தம் பார்த்தால் 5,200. தம்பிக்கு ஒரே சந்தோஷம். நான்கு சிவப்பு மருந்தோடு நிறுத்திவிட்டு, மீதியை இதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். தேனீ விஷம் மார்பகப் புற்றுநோயை ஒரு மணி நேரத்தில் அழித்ததாக வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் காட்டியிருக்கிறார்.

வாசகி கேட்பது மூன்று. இவற்றைத் தொடரலாமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே, சொல்லத்தான் வேண்டுமா? தம்பி சொல்வதுபோல் பன்னிரண்டு வாரக் கீமோவை விட்டுவிடலாமா?

சகோதரி, உங்கள் மூன்றாவது கீமோ தேதி நெருங்கிவிட்டதால் பதிலின் சுருக்கத்தை ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது அதன் விரிவு. இதே பையை வீட்டில் வைத்துக்கொண்டு கீழே கோவைக்குப் போய்வரும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடக்கூடாது. கேப்சூல், சொட்டு, துகள் மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். தேன் விஷயம் வேறு, அதற்கு நாள் பார்க்க வேண்டும். டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

கவுண்ட்டை ஏற்றியது எது?

கீமோ மருந்துக்குப் புற்றணு எது, எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் நல்ல அணு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் மருந்து ஏறி ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அப்புறம் மஜ்ஜை தானே தேறி, 21ஆம் நாள் வாக்கில் அடுத்த மருந்தைத் தாங்கும் அளவுக்கு வந்துவிடும். இரண்டு கீமோவுக்கு நடுவில் 21 நாள் விடுவதே இதற்காகத்தான்.

நீங்கள் கேப்சூலை ஆரம்பித்தது 12ஆம் நாள். கவுண்ட் எப்படியும் மேலே திரும்பும் நேரம் அது. போதாததற்கு, மஜ்ஜையை முடுக்கிவிடும் ஊசியையும் அதே மூன்று நாளில் போட்டிருக்கிறார்கள். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகக் கேப்சூலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஊசிக்கு ஏன் யாரும் நன்றி சொல்வதில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்!

ஏஜெண்டுகள் கையில் ஒரு ஆய்வுக் கட்டுரை வைத்திருப்பார்கள். 2006-ல் இஸ்ரேலில் 30 நோயாளிகளுக்கு ஒரு தனி வகைத் தேனைக் கொடுத்துக் கவுண்ட் குறைவதைத் தடுக்கப் பார்த்தார்கள். சிலருக்குப் பலன் தெரிந்தது. ஆனால் தேன் கொடுக்காத இன்னொரு குழுவை அருகருகே வைத்து ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீடு இல்லாமல் தேன் வேலை செய்ததா, உடம்பு தானாகத் தேறியதா என்று சொல்ல வழியே இல்லை.

பையில் இருந்த ஒவ்வொன்றும்

ராயல் ஜெல்லி என்பது ராணியாகப் போகும் புழுவுக்கு வேலைக்காரத் தேனீக்கள் ஊட்டும் கூழ். புற்றுநோய் சிகிச்சையில் வரும் களைப்புக்கு இதைத் தேனோடு கலந்து கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு உண்டு, ஓரளவு நல்ல பலன் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன.

ஒன்று, உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஈஆர் பாசிட்டிவ்'. உங்கள் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளரும் வகை என்று அதற்கு அர்த்தம். கீமோ முடிந்ததும் குறைந்தது ஐந்து வருடம் ஹார்மோனுக்கு எதிரான மாத்திரை தரப்போகிறார்கள். ராயல் ஜெல்லியில் உள்ள சில கொழுப்புப் பொருள்கள் அதே ஈஸ்ட்ரோஜன் வாங்கியில் லேசாகப் போய் ஒட்டுவது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. மனிதர்களில் அதனால் கெடுதல் வந்ததாக நிரூபணம் இல்லை. இருந்தாலும், ஒரு கையால் ஹார்மோனை அடைக்க மாத்திரை விழுங்கிக்கொண்டு, மறுகையால் ஹார்மோன் சாயல் உள்ள ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட வேண்டுமா?

இரண்டாவது தடையை நீங்களே, நாலாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: "பனிக்காலத்தில் எனக்குக் கொஞ்சம் வீசிங் வரும், சின்ன வயதில் தேனீ கொட்டி முகம் வீங்கியிருக்கிறது." கடிதத்தில் எனக்குப் பகீரென்ற இடம் இதுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ராயல் ஜெல்லி கடுமையான மூச்சுத்திணறலை உண்டாக்கியிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. இதனால்தான் ஆஸ்திரேலியாவில் ராயல் ஜெல்லி டப்பா மேல் இந்த எச்சரிக்கையை அச்சடித்தே விற்க வேண்டும். எட்டு நாள் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். ஒவ்வாமை முதல் நாளே வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, எந்த வேளையிலும் வரலாம். மகரந்தத் துகளுக்கும் இதே பேச்சுதான்.

புரோபோலிஸ் என்பது தேனீ தன் கூட்டின் சந்துபொந்தை அடைக்க மரப் பாலையும் மெழுகையும் குழைத்துப் பூசும் பிசின். அதிலிருந்து பிரித்த ஒரு வேதிப்பொருள் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களைக் கொல்கிறது என்பது நிஜம். கண்ணாடித் தட்டில் புற்றணுவைக் கொல்ல எவ்வளவோ பொருள்கள் இருக்கின்றன, பினாயில்கூடக் கொல்லும். வயிற்றுக்குள் போய், கல்லீரலைத் தாண்டி, கட்டி இருக்கும் இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேர்ந்து, நல்ல அணுவை விட்டுவிட்டு இதை மட்டும் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தத் தேர்வைப் புரோபோலிஸ் இன்னும் எழுதவேயில்லை. இன்னொன்று, கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகள் சிலவற்றைப் புரோபோலிஸ் தடுப்பதும் அதே ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததுதான். பன்னிரண்டு வாரம் உங்களுக்கு ஏறப்போகும் மருந்து அந்த நொதிகளால்தான் உடைகிறது. ஒரு முடிவை நம்பி இன்னொன்றைப் பார்க்காததுபோல் போவது நியாயமில்லையே.

'நீலகிரிக் காட்டுப் பொருள்' என்ற பேச்சை உங்கள் தம்பியிடமே விசாரியுங்கள், அவர் தேனீ வளர்ப்பவர். நம் ஊர்ப் பெட்டியில் வைக்கும் அடுக்குத்தேனீ புரோபோலிஸ் சேர்ப்பதே இல்லை. சொட்டாகவும் கேப்சூலாகவும் விற்பவை பெரும்பாலும் இத்தாலியத் தேனீப் பண்ணைகளில் எடுப்பவை. ராயல் ஜெல்லியை உலகத்திலேயே அதிகம் எடுப்பது சீனா. டப்பாவில் மலை படம் போட்டிருப்பதால் அது நம் மலையிலிருந்து வந்ததாகிவிடாது.

தேன், நாள் பார்த்து

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தேனைப் பற்றி நல்ல சேதியும் இருக்கிறது.

2003-ல் மலேசியாவில் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 40 பேரிடம் ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிப் பேருக்குக் கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் 20 மில்லி தேன் கொடுத்தார்கள். தேன் சாப்பிடாதவர்களில் 75 சதவீதம் பேருக்குக் கடுமையான வாய்ப்புண் வந்தது. சாப்பிட்டவர்களில் 20 சதவீதம்தான். அவர்கள் பயன்படுத்தியது தேயிலைப் பூத் தேன் என்பதை உங்களைப் போன்ற தேயிலைக்காரர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் சில இதை ஆதரித்தன, சில, குறிப்பாக விலை உயர்ந்த மனுக்காத் தேனை வைத்துச் செய்தவை, கைவிட்டுவிட்டன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், தலை கழுத்துக் கதிர்வீச்சு நோயாளிகளுக்கு வாய்ப்புண் வராமல் தடுக்கத் தேனைப் பரிசீலிக்கலாம் என்றது.

ஆனால் இது உங்கள் நிலைமை இல்லை. உங்களுக்கு வருவது கீமோ வாய்ப்புண், அதுவும் கவுண்ட் விழும் அதே வாரத்தில். உங்கள் தம்பி கொண்டுவந்த மலைத்தேனை எப்படி எடுத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாறையில் தொங்கும் பெரிய அடையை இரவில் புகைபோட்டு அறுத்து, கையால் பிழிந்து, துணியில் வடிகட்டுகிறார்கள். ருசிக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அதில் மகரந்தம் இருக்கும், புழுச்சாறு கலந்திருக்கும், நீர்ச்சத்தும் பெட்டித்தேனைவிட அதிகம். உங்கள் பாட்டிலின் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று வந்து மேலே நுரை நின்றால் உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிறது, புளிக்கத் தொடங்கிவிட்டது. நானும் நீங்களும் சாதாரண நாளில் அதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. வெள்ளணு 1,400 இருக்கும்போது, வாய் முழுக்கத் தோல் உரிந்து கிடக்கும்போது, அது வேண்டாம். பச்சைத் தேனால்தான் கிருமி தொற்றும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று பலமில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரம் அதை விலக்கி வைப்பதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை, பல புற்றுநோய் வார்டுகளிலும் இதே வழக்கம்தான்.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறிய நாளை முதல் நாளாக எண்ணி, காலண்டரில் 7 முதல் 14 வரை சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அந்த நாட்களில் எந்தப் பச்சைத் தேனும் வேண்டாம். மலைத்தேன் பாட்டிலைக் கீமோ முழுவதும் முடியும்வரை தொடவே வேண்டாம், வீட்டில் மற்ற பெரியவர்கள் சாப்பிடட்டும். தம்பியின் பெட்டித்தேன், அதாவது எந்திரத்தில் சுற்றி எடுத்து மூடி வைத்தது, வட்டமில்லாத நாட்களில் ஒரு டீஸ்பூன் சாப்பிடலாம், உங்கள் டாக்டரும் சரி என்றால்.

ஒரு டீஸ்பூன்தான், ஏனென்றால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு 'பெரிய ஸ்பூன்' வெந்நீரில் கலக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை இருக்கும். நாலு கரண்டிக்குக் கணக்குப் போடுங்கள், 68 கிராம். அதே கடிதத்தின் முதல் பக்கத்தில், 'சர்க்கரை கேன்சருக்குத் தீனி' என்று யாரோ சொன்னதால் டீயில் போடும் அரை ஸ்பூன் சர்க்கரையைக்கூட நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்! இரண்டையும் சேர்த்துத் திருத்திவிடுகிறேன். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. நீங்கள் சோறு சாப்பிட்டாலும் கேழ்வரகு சாப்பிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உங்கள் ரத்தச் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏறினால் புண் ஆறாது, கிருமி சுலபமாகத் தொற்றும். அந்தக் கணக்கில் தேனும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றுதான். கீமோ அன்று வாந்திக்காகப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசியே இரண்டு மூன்று நாளுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், அந்த நாட்களில் தேன் சுத்தமாக வேண்டாம்.

வாய்ப்புண்ணுக்கு என்ன செய்வது? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளித்துத் துப்புங்கள். தினமும் புதிதாகக் கலக்குங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். வலியால் சாப்பிட முடியவில்லை என்றால் மரக்கவைக்கும் மருந்து இருக்கிறது, கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள்தான் நம் மலையில் அதிகம்.

கொடுக்கு வைத்தியம்

வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. 2020-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஆய்வாளர்கள், தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டின் என்ற பொருள் சில வகை மார்பகப் புற்றணுக்களை வேகமாக அழிப்பதைக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத் தட்டிலும் எலிகளிலும் நடந்தது அது. முக்கியமாகப் பலன் தெரிந்தது ஹார்மோன் வாங்கிகள் இல்லாத 'ட்ரிபிள் நெகட்டிவ்' வகையிலும், ஹெர்-2 மிகுந்த வகையிலும். உங்களுடையது இரண்டும் இல்லை.

தேனீயைப் பிடித்துக் கொட்டவிடலாமா என்று தம்பி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் முகம் வீங்கிய உங்களுக்கா? ஸ்பெயினில் 55 வயதுப் பெண் ஒருவர் இரண்டு வருடம் பழக்கப்பட்ட இந்தக் கொடுக்கு வைத்தியத்திலேயே ஒவ்வாமை வந்து இறந்துபோனதை அந்நாட்டு மருத்துவர்கள் 2018-ல் பதிவு செய்திருக்கிறார்கள். இன்னொன்று: இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் இனி அந்தக் கையில் கொட்டு, கீறல், தீக்காயம் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கை வீங்கிவிடலாம். கவாத்து வெட்டும்போது முழங்கை வரை மூடும் உறை போடுங்கள். தம்பி பெட்டி திறக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள்.

பன்னிரண்டு வாரத்தை விடலாமா

ஆபரேஷனில் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கீமோ கொடுப்பது எந்த ஸ்கேனிலும் தெரியாமல் எங்காவது ஒதுங்கியிருக்கக்கூடிய அணுக்களுக்காக. இதனால்தான் தம்பியின் யோசனை ஆபத்தானது. கேப்சூல் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க வெளியே எந்த அடையாளமும் இருக்காது. உடம்பு நன்றாக இருக்கும், முடி முளைக்கும், கொழுந்து பறிக்கப் போவீர்கள். வேலை செய்யவில்லை என்பது தெரியவரும்போது அது எலும்பிலோ கல்லீரலிலோ தெரியும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்களின் இரண்டு ஆய்வுகள் 2018-ல் வெளியாயின. பரவாத நிலையில் இருந்தும் மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்று போனவர்களை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல். மற்ற ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான சிகிச்சையோடு கூடவே இப்படித் துணை வைத்தியமும் செய்துகொண்டவர்களைப் பார்த்தது. அவர்களுக்கும் இரண்டு மடங்கு. துணைப்பொருளே கொன்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை நம்பியவர்களில் பலர் போகப்போக ஆபரேஷனையோ கீமோவையோ கதிர்வீச்சையோ வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். ஆய்வாளர்கள் காட்டிய முக்கியக் காரணம் அதுதான். உங்கள் வீட்டில் எட்டே நாளில் பேச்சு அங்கே வந்து நிற்பதைப் பாருங்கள்.

வாரக் கீமோ சிவப்பு மருந்து மாதிரி ஆளைக் கவிழ்க்காது. விரல் மரத்துப்போகும், களைப்பு இருக்கும், ஆனால் வாந்தியும் வாய்ப்புண்ணும் பெரும்பாலானவர்களுக்குக் குறைவு. வாராவாரம் கீழே இறங்கி ஏறுவதுதான் கஷ்டம் என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவர்கள் வேறு ஏற்பாடு யோசிப்பார்கள்.

எப்படிச் சொல்வது

திட்டுவார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. டாக்டராக இருந்து அப்படித் திட்டியவன் நானே. பல வருடம் முன்பு ஒரு அம்மா ஏதோ பொடி சாப்பிடுவதாகச் சொன்னபோது, வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்த எரிச்சலில், "எதற்கு இங்கே வருகிறீர்கள் அப்போது?" என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் எதையும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவருடைய கல்லீரல் பரிசோதனை எகிறியது. கீமோவாலா, பரவலா, மஞ்சள்காமாலைக் கிருமியா என்று இரண்டு வாரம் தேடினோம், மருந்தை நிறுத்தினோம், ஸ்கேன் எடுத்தோம். கடைசியில் அவருடைய மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். அதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. வீணாய்ப்போன அந்த வாரங்களுக்கு நானும் ஒரு காரணம்.

அதனால் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். உட்கார்ந்ததும் மேசை மேல் வையுங்கள். "டாக்டர், இதையெல்லாம் எட்டு நாள் சாப்பிட்டேன், இப்போது நிறுத்திவிட்டேன், எனக்கு வீசிங் உண்டு, கல்லீரல் டெஸ்ட் ஒருமுறை பார்க்கலாமா?" இவ்வளவு போதும். ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, நாளைக்கு எத்தனை என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி வையுங்கள். பேச வாய் வராவிட்டால் சீட்டை நீட்டிவிடுங்கள். வார்டு நர்ஸிடம் முதலில் சொல்வதும் நல்ல வழி.

சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை. புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்தப் பொருளையும் விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து, மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எண் உணவு உரிமத்தின் எண், குணமாக்கும் என்பதற்கான சான்று இல்லை. துணை உணவு என்று விற்றால் 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற வாசகம் லேபிளில் இருக்க வேண்டும், பொடி எழுத்தில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். திறக்காத டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். ஏஜெண்ட் உறவுக்காரராக இருந்தால் இதைச் செய்ய மனம் வராது என்று தெரியும், பணம் போனால் போகட்டும் என்று விடுவதும் உங்கள் இஷ்டம்.

தம்பிக்கு

தம்பி, அக்காவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று உங்களுக்குத் தவிப்பு. அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். வட்டமிட்ட நாட்களில் காலையும் மாலையும் பாருங்கள். 100.4 டிகிரி காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கவுண்ட் இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மேட்டுப்பாளையம் சாலையில் அந்நேரம் பனி இருக்கும், காட்டெருமை நிற்கும், மழைக்காலமென்றால் மண் சரிந்திருக்கும். ஆகவே நேராகக் கோவைக்குக் கிளம்பாதீர்கள். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய், 'கீமோ ஏறி இத்தனையாவது நாள், காய்ச்சல்' என்று சொல்லி, ரத்தம் எடுத்து, முதல் ஆன்டிபயாடிக் ஊசியை மேலேயே போட்டுக்கொண்டு, கோவை டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, 108-ல் இறங்குங்கள். இதைச் சொல்லும் ஒரு கடிதத்தைக் கோவை டாக்டரிடம் இப்போதே வாங்கி, மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். மாதம் 6,800 ரூபாயில் பாதி இருந்தால் அந்த நேரத்துக்கு வாடகை வண்டி ஏற்பாடு செய்துவிடலாம்.

வீட்டில் ஏழு மாதப் பேரன் இருப்பதாகவும், அம்மாயி மலைத்தேனை அவன் நாக்கில் தடவுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. அதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கி, கைகால் துவண்டு, மூச்சே நின்றுபோகலாம். கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. இதுவரை கொடுத்ததற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் குழந்தைக்கு மலம் இறுகி, பால் குடிக்கச் சோம்பி, அழுகைச் சத்தம் ஈனமாகிவிட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.